பாண்கடை வரிசையில் நின்றவர்

என்னோடு வேலை செய்த அக்காவோடு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனால் கால் கடுத்துவிடும். கடைக்குள் நாலு பேர் நின்றால் போதும், தனக்குப் பின்னால் வருகிற ஒவ்வொருவரையும் "நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ" என்று ஜேர்மன் மொழியில் பணிவாகச் சொல்லி முன்னால் விட்டுவிடுவார். அரை மணித்தியாலம் அப்படி நின்றுவிட்டு, கடைசியில் ஒரேயொரு குட்டிப் பாணை வாங்கிக்கொண்டு வெளியே வருவார். வேலை முடிந்து கால் இரண்டும் வீங்கிப்போய் நிற்கிற எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறும்.

"அக்கா, நீங்கள் பாண் வாங்க வந்தனீங்களோ, பாராளுமன்றம் கூட்ட வந்தனீங்களோ?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வாயை என் காதுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"பாராளுமன்றம் இஞ்சதான் கூடுது பிள்ளை. பெர்லினிலை பிறகுதான் எழுதுவினம்."

நல்ல விசர் மனுசி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இப்போது அவர் கனடாவில் மகனோடு இருக்கிறார். நான் போன் அடித்தால் எடுப்பதில்லை. ஏன் எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும், அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எழுதமாட்டேன். பெயர் எழுதிய எதையும் அவருக்குப் பிடிக்காது. பார்சல் வந்தால் பெட்டியைக் குப்பையில் போடுமுன் தன் பெயர் ஒட்டிய துண்டைச் சுரண்டி எடுத்து, நாலாகக் கிழித்து, இரண்டு வேறு வேறு வாளிகளில் போடுகிறவர். கடிதப் பெட்டியில்கூட முதல் எழுத்து மட்டும்தான். அதுவும் பென்சிலால்.

டோர்ட்மண்டின் வடக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் துப்புரவு வேலை செய்தோம். பன்னிரண்டு வருடம் ஒரே நேர வேலை, ஒரே ட்ராம். காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போகும்போது வீதியில் ஒரு ஈ, காக்காய் இருக்காது. சந்தியில் பாதசாரி விளக்கில் சிவப்பு மனிதன் எரிந்தால் அக்கா நிற்பார். மழை கொட்டினாலும் நிற்பார். "ஒருத்தரும் இல்லையே, வாங்கோவன்" என்று நான் பாதி வீதிக்குப் போய்விட்டுக் கூப்பிட்டால், என்னவோ நான் களவு செய்யக் கூப்பிட்டதுபோல் தலையை ஆட்டுவார். தயிர்க் கோப்பையைக் கழுவித் துடைத்துத்தான் பிளாஸ்ரிக் குப்பைக்கான மஞ்சள் பையில் போடுவார். ட்ராமில் நான் தமிழில் சத்தமாகக் கதைத்தால் என் முழங்காலைத் தட்டி, "மெல்ல, மெல்ல" என்பார். ஜேர்மன் பாஸ்போர்ட் எடுத்து இருபது வருடமான மனுசி! எனக்குச் சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் ஒரு கறுப்புப் பை இருந்தது. ட்ராமில் அதைத் தன் இரண்டு கால்களுக்கும் நடுவே தரையில் வைப்பார். யாராவது போனில் கொஞ்சம் உரக்க ஏசினாலோ, பின் சீட்டில் இரண்டு பேர் நாட்டு நிலைமையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலோ, குனிந்து பையை எடுத்து மடியில் வைத்து, சிப்பைக் கடைசிவரை இழுத்து மூடிவிடுவார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. பை மடிக்கு ஏறினால் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது என்று நான் கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று.

ஒரு மாரியில் பனியில் சறுக்கி விழுந்தார். பை வாயைப் பிளந்து எல்லாம் நடைபாதையில் கொட்டுண்டது. பொறுக்கிக் கொடுத்தவள் நான்தான். பிளாஸ்ரிக் உறையில் பாஸ்போர்ட், வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, கடைசி மூன்று சம்பளத் துண்டுகள், பிரஷருக்குப் போடுகிற குளிசை, ஒரு சோடி தடித்த காலுறை, பல் தூரிகை.

"எங்கையக்கா பயணம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டேன்.

"ஓரிடமும் இல்லை. போகாமல் இருக்கிறதுக்குத்தான்" என்றார், முழங்காலைத் தடவிக்கொண்டே.

அவருடைய பயம் சும்மா வந்த பயம் இல்லை. சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சொன்னார். இங்கே வந்த புதிதில் அவரையும் மகனையும் ஒரு சின்ன ஊரில் அகதி விடுதியில் விட்டிருந்தார்களாம். கீழே ஒரு பாண்கடை. கடைக்காரி மகனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பிஸ்கட் கொடுப்பாளாம். பெடியன் கையை நீட்டினால் போதும், கன்னத்தைக் கிள்ளிக் கொடுப்பாளாம். ஒருநாள் பிஸ்கட்டை நிறுத்திவிட்டாள். ஏசவில்லை, முறைக்கவில்லை. பெடியன் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அவள் அடுத்த ஆளைப் பார்த்து "அடுத்தது யார்?" என்றாளாம். அதற்குப் பிறகு அங்கங்கே அகதிகள் இருந்த வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். அவர்களுடைய விடுதிச் சுவரிலும் ஒரு போத்தல் வந்து வெடித்தது. அதற்குப் பிறகுதான் அகதிச் சட்டத்தை இறுக்கினார்கள்.

"எல்லாரும் சட்டம் வந்த நாளைச் சொல்லுவினம்" என்றார் அக்கா, விரிப்பின் நுனியை என் கையில் தந்தபடி. "நான் பிஸ்கட் நிண்ட நாளைச் சொல்லுவன். முதல்ல பிஸ்கட். பிறகு நெருப்பு. பிறகு சட்டம்."

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஆனாலும் அவரைச் சீண்டாமல் இருக்க என்னால் முடியாது. "அப்ப பிஸ்கட் திரும்ப வந்தால்?" என்று கேட்டேன்.

"அதுவும் தெரியும். அதுக்கும் காது வேணும்."

அதற்கும் காது இருந்தது அவருக்கு, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வருடம் ரயிலில் வந்து இறங்கிய அகதிகளை ஸ்ரேசனில் நின்று கைதட்டி வரவேற்றார்கள் அல்லவா, அன்றைக்கு நாங்களும் போனோம். சனம் பொம்மையும் வாழைப்பழமும் தண்ணிப் போத்தலும் கொண்டுவந்து நின்றது. நான் அழுதேன். எனக்கு இருபத்தைந்து வயதில் இங்கே வந்து இறங்கியபோது யார் கைதட்டினார்கள்? அக்கா ஒரு தூணோடு ஒட்டி நின்று, சனத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனக்கா முகம் இப்பிடி இருக்கு? சந்தோசமான விசயம்தானே."

"சந்தோசம்தான். ஆனால் இவ்வளவு கைதட்டினால் கை நோகும் பிள்ளை. நொந்தால் பிறகு கோவம் வரும்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கும் என் மனுசனுக்கும் ஜேர்மன் பாஸ்போர்ட் எப்போதோ கிடைத்துவிட்டது. தம்பி பிந்தி வந்தவன். அவனுடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். கையில் இருந்தது டுல்டுங். அதாவது, நீ இங்கே இருக்க உரிமை இல்லை, ஆனால் இப்போதைக்கு உன்னை ஏற்றி அனுப்பவில்லை என்று எழுதிய கடதாசி. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிக்கவேண்டும். எங்கள் ஆட்கள் அதை அம்ட் என்பார்கள்.  முப்பத்துநாலு வயது ஆம்பிளை, ஒரு உணவகத்தில் பத்து மணித்தியாலம் நெருப்போடு நிற்கிறவன், அம்டுக்குப் போகிற நாளில் தேத்தண்ணியும் குடிக்கமாட்டான்.

அவனை ஏற்றி அனுப்ப முடியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அவனிடம் பாஸ்போர்ட் இல்லை என்று நாங்கள் சொல்லியிருந்ததுதான். பாஸ்போர்ட் இருந்தது. அவனை இங்கே கொண்டுவந்த ஏஜென்ற் சொல்லியிருந்தான்: என்ன நடந்தாலும் புத்தகத்தைக் காட்டாதே, புத்தகம் இருந்தால்தான் பிளேன் ஏற்றுவார்கள். எங்கள் ஆட்களில் எத்தனை வீட்டில் எத்தனை பாஸ்போர்ட் அரிசி வாளிக்குள்ளும் மெத்தைக்குள்ளும் கிடந்து புழுங்கியது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது பிள்ளையார் படத்துக்குப் பின்னால், ஒரு மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. காலையில் விளக்கு வைக்கும்போது நான் பிள்ளையாரைக் கும்பிட்டேனா பாஸ்போர்ட்டைக் கும்பிட்டேனா என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் அக்கா பாண்கடையிலிருந்து வேகமாக வந்து என் கையைப் பிடித்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். "பிஸ்கட் வருது போல கிடக்கு" என்றார். வரிசையில் ஒரு மனுசி சொல்லிக்கொண்டு நின்றாளாம், தன் தாயைக் குளிப்பாட்ட இல்லத்தில் ஆள் இல்லை என்று. இன்னொரு ஆள் சொன்னாராம், தங்கள் தெரு உணவகத்தில் ஒரு பெடியன் என்ன மாதிரி வேலை செய்கிறான், அவனை ஏன் துரத்தவேண்டும், இங்கே வேலைக்கு ஆளில்லாமல் கிடக்கிறதே என்று. மற்றவர்கள் ஓம் ஓம் என்றார்களாம். இதையே அக்கா மூன்று நாலு மாதம் வேறு வேறு வாயில் கேட்டார். பிறகு செய்தியிலும் கேட்டோம். நீண்ட காலம் டுல்டுங்கோடு இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு: ஒன்றரை வருடத்துக்கு ஒரு அட்டை தருவார்கள். அதற்குள் மொழிப் பரீட்சை எழுதி, வேலையைக் காட்டி, பாஸ்போர்ட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தால் தங்கலாம். வைக்காவிட்டால் பழையபடி சிவப்புக் கோடு.

தம்பிக்கு அந்த ஒன்றரை வருட அட்டை கிடைத்தது. மொழிப் பரீட்சையையும் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டான். பாஸ்போர்ட் மட்டும் பிள்ளையாருக்குப் பின்னாலேயே இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இப்ப குடு" என்றார் அக்கா. "இப்ப முகங்கள் நல்லா இருக்கு."

"குடுத்த பிறகு சட்டத்தை மாத்தினால்? புத்தகம் அவங்கடை கையிலை. அப்பிடியே பிளேனிலை ஏத்துவாங்கள். பொய் சொன்னதுக்குப் பிடிச்சு மறியலிலையும் போடுவாங்கள்."

"அதுதான் சொல்லுறன். மாத்தமுன்னம் குடு."

"ஏன் அவசரப்படுத்துறியள்? இன்னும் காலம் கிடக்குத்தானே."

இப்படியே ஒரு வருடத்தைக் கடத்தினேன். ஊர் உலகத்துக்கெல்லாம் பயப்படுகிற மனுசி போ போ என்கிறார், வாயாடி நான் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறேன். கோடையும் வந்துவிட்டது. அட்டை முடிய இன்னும் மூன்று மாதம். "ஆடி மாதம் ஒரு நல்ல காரியமும் தொடங்கக்கூடாது, ஆடி கழியட்டும்" என்றேன். ஆடி கழிந்தது. கோயில் ஐயரிடம் தம்பியின் சாதகக் குறிப்பைக் கொடுத்து நாள் கேட்டேன். அவர் ஆவணியில் ஒரு நாள் குறித்துத் தந்தார். அந்த நாளும் வந்தது, எனக்குக் காய்ச்சல். காய்ச்சல்தானா பயம்தானா, இப்போது சத்தியம் பண்ணமாட்டேன்.

இதற்கிடையில் இல்லத்தில் ஒன்று நடந்தது. அங்கே ஒரு கிழவியைப் பார்க்க அவள் மகன் ஞாயிறு தோறும் வருவான். தங்கமான மனுசன். எங்களுக்கும் கேக் கொண்டுவருவான். அன்றைக்குப் பொது அறையில் இருந்து, இந்த வெளிநாட்டுக்காரர் கூடிவிட்டார்கள், யாரும் வாயைத் திறந்து சொல்லப் பயப்படுகிறார்கள் என்று கதைத்துக்கொண்டிருந்தான். திரும்பினால், பக்கத்தில் அக்கா நிலம் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அவன் முகம் சிவந்துபோயிற்று. "உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் எங்கள் ஆள்" என்று அக்காவின் தோளைத் தொட்டான். அக்கா சிரித்தார். "டங்க" என்று நன்றி சொன்னார். பிறகு சலவை அறைக்குள் வந்து ஒரு தலையணை உறையை எடுத்தார். நுனியோடு நுனி சேர்க்கப் பார்த்தார். மடிக்கவே முடியவில்லை.

"என்னக்கா, அவன் நல்லமாதிரித்தானே சொன்னவன்!"

"ஓம். நல்லவன்தான். அதுதான் பயமாக் கிடக்கு" என்றார். "கூடாதவன் சொன்னால் அது அவன்ரை கதை. நல்லவன் 'உன்னைச் சொல்லேல்லை' எண்டு சொல்லத் தொடங்கினால், எல்லாரும் சொல்லத் தொடங்கிட்டினம் எண்டு அர்த்தம்."

அடுத்த வாரமே எங்கேயோ ஒரு நகரத்தில், கொண்டாட்டத்துக்குள் ஒருவன் கத்தியோடு புகுந்தான். சனம் செத்தது. செய்தியில் அவன் எங்கிருந்து வந்தவன் என்று சொன்னார்கள். ஐயோ கடவுளே, செத்தவர்களுக்காக அழுவதா, தம்பியை நினைத்து நடுங்குவதா என்று தெரியாமல் டிவிக்கு முன்னால் இருந்தேன்.

மறுநாள் கதவு மணி அடித்தது. அக்கா. சப்பாத்தையும் கழற்றவில்லை. பன்னிரண்டு வருடத்தில் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்தது அன்று ஒருநாள்தான்.

"பாண்கடைக்குப் போனனான்" என்றார். மூச்சு வாங்கியது. "முந்தி நான் உள்ளை போனால் குரலைக் குறைப்பினம். கதையை மாத்துவினம், இல்லாட்டி மழையைப் பற்றிக் கதைப்பினம். இண்டைக்கு ஒருத்தரும் குறைக்கேல்லை பிள்ளை. என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டே கதைச்சினம்."

அப்படியே சுவரில் சாய்ந்தார்.   நான் இவ்வளவு நாளும் செய்த வேலை அப்போதுதான் விளங்கியது. நல்ல முகங்கள் இருந்த ஒரு வருடத்தை நாளும் கோளும் பார்த்துத் தின்றுவிட்டேன்.

தம்பி இரவு பகலாகப் போனை நோண்டி, யாரோ கைவிட்ட ஒரு தெர்மினை, அதாவது சந்திப்பு நேரத்தை, பிடித்தான். ஐந்து நாளில் அம்டுக்கு வரச்சொல்லி. அது ராகுகாலத்தில் விழுந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையார் படத்தைத் திருப்பி மஞ்சள் துணியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன்.

அக்காவும் வந்தார். வரவேண்டிய தேவை அவருக்கு என்ன? ஆனால் இஞ்சித் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு வாசலில் வந்து நின்றார். ட்ராமில் ஏறியதிலிருந்து பை மடியிலேயே இருந்தது. அம்ட் வாசலில் முந்தி ஒரு காவல்காரன் நிற்பான். அன்றைக்கு மூன்று பேர். எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அக்காவின் பல் தூரிகையை ஒருவன் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் முகத்தையும் பார்த்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் இலக்கம் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெண். வழக்கமாகத் தம்பியிடம் மழை வெயில் பற்றி இரண்டு வார்த்தை கேட்பவள். அன்றைக்குக் கேட்கவில்லை. தம்பி பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தான். அவள் விரித்தாள், படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் இது எங்கே இருந்தது?"

நான் ஒரு பொய் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஊரில் தொலைந்தது, இப்போதுதான் தேடி எடுத்து அனுப்பினார்கள் என்று. ஐந்து நாளும் அதை ஜேர்மன் மொழியில் பாடமாக்கியிருந்தேன். வாயைத் திறக்கப்போக, அக்கா என் முழங்காலைத் தட்டினார். பிறகு அவரே சொன்னார். உடைந்த ஜேர்மன் மொழிதான்.

"வீட்டில். சாமிப் படத்துக்குப் பின்னால். எல்லாருக்கும் பயம்."

சிவப்பு மனிதனைக் கண்டு நிற்கிற மனுசிக்கு எங்கிருந்து வந்தது இந்தத் துணிவு! இல்லை, துணிவும் இல்லை. அவர் உதடு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தாள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்கதவைத் திறந்து போய்விட்டாள்.

இருபது நிமிடம். சுவரில் மணிக்கூடு இருந்ததால் தெரியும். அறைக்கு வெளியே நடையோடையில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தம்பி கதவைப் பார்த்தான். அவன் சொண்டு வெளுத்து, சாம்பல் பூசியதுபோல் இருந்தது. எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. சாகுமுன் போனில், "அவனை விட்டிடாதை" என்று சொன்னவர். நான்தானே அம்மா விட்டுவிட்டேன், நாள் பார்த்துப் பார்த்து விட்டுவிட்டேன் என்று உள்ளுக்குள் குழறினேன். அக்கா பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். ஒருவரும் குடிக்கவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

அவள் திரும்பி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டு தந்தாள். பார்த்துவிட்டுக் கடிதம் போடுவோம் என்றாள். எழுந்து வாசலுக்கு வந்தபோது அக்காவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அடுத்த மாதம் வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ எனக்கே தெரியாது" என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம். அதை எப்படிச் சொல்ல? படிக்கட்டில் யார் ஏறினாலும் எங்கள் வீடு மூச்சை நிறுத்தும். ஆட்களை ஏற்றிப்போக விடியற்காலையில்தான் வருவார்கள் என்று கேள்விப்பட்டு, தம்பி காற்சட்டையோடும் காலுறையோடும் படுத்தான். செய்தியில் ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சட்டம், புது இறுக்கம். இரண்டு வருடத்துக்கு முன் 'இவர்கள் இல்லாமல் யார் வேலை செய்வது' என்று சொன்ன அதே வாய்கள், 'இவர்களை எப்படி அனுப்புவது' என்று கேட்டன. அக்கா பின்னேரத்தில் போன் அடிப்பார். இரண்டு முறை அடித்து வெட்டிவிட்டு மூன்றாம் முறை அடித்தால் அது அவர். போனில் பெயரோ ஊரோ சொல்லமாட்டார்.

"வந்ததே?"

"இல்லையக்கா."

"சரி. சாப்பிடு." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அந்த ஒரு சொல்லுக்காக நான் பின்னேரம் முழுக்கப் போனுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். என்ரை கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தாலும் அப்படிக் கேட்டிருக்கமாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது. தம்பி தங்கலாம், வந்து அட்டையை எடுத்துக்கொள் என்று. நான் படிக்கட்டில் இருந்து ஓவென்று அழுதேன். பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி செத்தவீடு என்று நினைத்து ஓடிவந்தாள்.

அடுத்த ஞாயிறு அக்காவுக்கு விருந்து. புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் செய்தேன். தம்பி புதுச் சேட்டுப் போட்டு, அட்டையைச் சாமித் தட்டில் வைத்திருந்தான். அக்கா அதைத் தொடாமல், குனிந்து இரண்டு பக்கமும் வாசித்தார். முதல் முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டேன். கறுப்புப் பையைக் கதிரைக்குக் கீழே, கால்களுக்கு நடுவே வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

நான் இறைச்சியை அள்ளி அள்ளிப் போட்டபடி கதைத்தேன். மூன்று மாதம் வாய் பூட்டிக் கிடந்தவள் அல்லவா, நிறுத்த முடியவில்லை. வேலையில் தொடங்கி, சாமான் விலைக்குப் போய், எங்கள் ட்ராம் தரிப்பிடத்துக்கு வந்தேன். அதற்குப் பக்கத்தில் அப்போது கொன்ரெய்னர் பெட்டி வீடுகளை அடுக்கி, புதிதாக வந்த அகதிப் பெடியன்களை இருத்தியிருந்தார்கள்.

"காலமை தரிப்பிடத்திலை நிக்கேலாது. சத்தமும் சிகரெட்டும். ஏன்தான் உவங்களை உள்ளை விடுறாங்களோ தெரியாது. உவங்களாலைதான் எங்களுக்கும் கெட்ட பேர். எல்லாரையும் ஏத்தி அனுப்போணும்."

"அது சரிதான்" என்றான் தம்பி, எலும்பைக் கடித்துக்கொண்டு.

அக்காவின் கை புட்டிலேயே நின்றுவிட்டது.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னேன். என் வீடு, என் மேசை. யாருக்குப் பயந்து குரலைக் குறைக்க?

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பாண்கடை வரிசையிலும் ஸ்ரேசனிலும் சனத்தைப் பார்க்கிற பார்வை. ஆனால் அது என் பக்கம் திரும்பி ஒருநாளும் நான் கண்டதில்லை. ஏதோ பிழையாகிவிட்டது என்று மட்டும் விளங்கியது. அவசரமாகச் சிரித்தேன்.

"ஐயோ அக்கா, உங்களைச் சொல்லேல்லை! இப்ப வாறவங்களைத்தான் சொல்லுறன்."

அக்கா கையைத் துடைத்தார். குனிந்து, கால்களுக்கு நடுவில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்தார். சிப்பைப் பிடித்து இழுத்தார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. இன்னொருமுறையும் இழுத்துப் பார்த்தார்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, பணிவாகச் சிரித்து, "டங்க" என்றார்.